பாலகிருஷ்ணனுக்கு ஒரு கிளாஸ்

என் கணவர் குடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர் செத்த பிறகு, நாங்கள் குடியேறிய இந்த ரோவில் ஊரில் இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பன்னிரண்டு வருடம் எங்கள் கராஜில் நின்று அவரோடு குடித்தவர்கள் எல்லோரும், பாலகிருஷ்ணன் என்றால் தேத்தண்ணியும் தேவாரமும்தான் என்பதுபோலக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குடிப்பார் என்றால் விழுந்து கிடக்கிற குடி இல்லை. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு கிளாஸ். மூன்றாவதுக்குக் கை நீண்டால் நான் ஒரு பார்வை பார்ப்பேன், கை தானாகத் திரும்பிவிடும். குடியால் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. என் மேலோ மகள் வினுஷா மேலோ கை வைத்ததில்லை. உண்மையில் குடிப்பதைவிடச் செய்வதில்தான் அவருக்கு விருப்பம். டண்டினோங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய தொழிற்சாலையில் ஒரு குரோவேசியக்காரர் சோளத்தில் விஸ்கி செய்வது எப்படி என்று ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தார். அன்று பிடித்த விசர் அவரை விடவே இல்லை.

சோளம் வாங்குவது கோழித்தீன் விற்கிற கடையில். உடைத்த சோளம், இருபத்தைந்து கிலோ மூட்டை, மேலே ஒரு சேவலின் படம். கடைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் எங்கள் கோழிகளின் சுகம் விசாரிப்பாள். "நல்லா இருக்கினம், நல்லாச் சாப்பிடினம்" என்று இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு வந்து காருக்குள் இருந்து சிரிப்பார்.

களி கிண்டுவது என் வேலை. அதை யாரும் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். நான் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். தினமும் காலையில் தொண்ணூறு பேருக்கு ஓட்ஸ் கஞ்சி வைக்கிறவள். பெரிய பானையில் எது எப்போது அடிப்பிடிக்கும் என்று எனக்கு மணத்திலேயே தெரியும். இவர் முதல் தடவை தனியாகச் செய்தபோது அடியில் விரற்கடை மொத்தத்துக்குக் கருகிவிட்டது. அதற்குப் பிறகு தெர்மாமீட்டர் அவருக்கு, மரத் துடுப்பு எனக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

கொதிக்கிற தண்ணீரில் சோளத்தைக் கொட்டினால் முதலில் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம் போக, துடுப்பு கனக்கத் தொடங்கும். அரை மணித்தியாலத்தில் களி இறுகித் துடுப்பு நட்டுக்கொண்டு நிற்கும். அந்த நேரம் கையை எடுத்தால் போச்சு. தோள்மூட்டு கழன்று விழுகிற மாதிரி இருக்கும், ஆனாலும் கிண்ட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே அவிய விட்டு, சூடு அறுபத்தைந்து பாகைக்கு இறங்கியதும் இவர் "இப்ப!" என்று கத்துவார். முளைகட்டி உடைத்த பார்லியைக் கொட்டிக் கிண்டுவோம். அதுவரை துடுப்பை விடாமல் பிடித்திருந்த களி, ஐந்து நிமிடத்தில் இளகிக் கஞ்சித்தண்ணீராகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் இவர் ஒவ்வொரு முறையும் "பார் விமலா, பார்" என்பார். பிறகு ஒரு துளியைக் கோப்பையில் விட்டு மேலே அயடீன் சொட்டு விடுவார். கறுத்தால் இன்னும் மா மிச்சம் இருக்கிறது, கறுக்காவிட்டால் எல்லாம் சீனியாகிவிட்டது. ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, நீல டிரம்மில் ஊற்றி, பழைய போர்வையால் சுற்றிவிட்டால் ஏழு நாளில் புளித்து முடியும்.

இதுவரை சட்டத்துக்குப் பிழை இல்லை. பியர் மாதிரிப் புளிக்க வைப்பதை யாரும் வீட்டில் செய்யலாம். அதைக் காய்ச்சி வடிப்பதற்குத்தான் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், அது இவரிடம் இல்லை. அது பிழைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நூறு தரம் ஏசியிருக்கிறேன். ஆனால் அந்தப் பிழையின் பலனைக் குடித்தவர்கள் இன்றைக்கு எனக்குச் சட்டம் படிப்பித்தால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசியாக நாங்கள் களி கிண்டியது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், தேத்தண்ணிக் கோப்பை கையில் இருக்க இவர் கதிரையிலிருந்து சரிந்தார். அம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை. வயது அறுபத்தொன்று.

அந்த ஒரு கிழமையும் எங்கள் வீடு நிறைய ஆட்கள். கராஜில் டிரம் மட்டும் தன் பாட்டுக்குப் புளித்துக்கொண்டிருந்தது. மூடியில் காற்றுப் போவதற்கு ஒரு குழாய் உண்டு, அதில் ப்ளக், ப்ளக் என்று குமிழி வெடிக்கிற சத்தம் வீட்டுக்குள் ஹோல் வரைக்கும் கேட்கும். அனுதாபம் சொல்ல வந்த பெண்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். தண்ணிப் பைப் என்றேன். ஆண்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது என்ன சத்தம் என்று நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை தகனம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். குளித்துவிட்டு, ஹோலுக்குக் கதிரை போதவில்லையே என்று கராஜுக்குப் போனேன். அங்கே இவருடைய தமையன் மகேந்திரராஜா, இவருடைய சிநேகிதன் அருந்தவன், இன்னும் ஐந்தாறு பேர் நின்றார்கள். மேசையில் மூன்று வெறும் போத்தல்கள். போன வருடம் வடித்து, ஓக் மரத்துண்டு போட்டு ஊற வைத்து, வினுஷாவின் பட்டமளிப்புக்கு உடைப்பதென்று இவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தவை. மிச்சமாக இருந்ததே அவ்வளவுதான்.

"தம்பியின்ர கையால செய்த சாமான், விமலா. அவன்ர நினைவுக்கு" என்றார் மகேந்திரராஜா அத்தான். கண் கலங்கியிருந்தது. கையில் அவருக்கென்றே எங்கள் கராஜில் தனியாக இருக்கிற தடித்த கிளாஸ். வெள்ளிக்கிழமைகளில் அத்தான் தொடமாட்டார், விரதம். வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்துச் சனிக்கிழமை குடிப்பார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், தம்பியை இழந்த மனிதன் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சனிக்கிழமை காலை அத்தான் மறுபடி வந்தார். கையில் ஒரு டயரி. திங்கட்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவு. எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: எட்டுச் செலவு என்றால் செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைப்பது. மீன் விரும்பினவருக்கு மீன், இறைச்சி விரும்பினவருக்கு இறைச்சி, குடித்தவருக்குக் குடி, சுருட்டுப் பத்தினவருக்குச் சுருட்டு. வருடத் திவசத்துக்கு ஐயர் வந்து மரக்கறியோடு செய்வது வேறு. எட்டு அப்படி இல்லை. எட்டு அந்த மனிதனுக்கானது. மனிதன் எப்படி இருந்தானோ அப்படியே அவனைச் சாப்பிட வைத்து அனுப்புகிற நாள் அது.

"சாப்பாட்டுக்கு நான் சொல்லிப்போட்டன். மரக்கறி. ஒன்பது கறியும் வடை பாயாசமும்" என்றார் அத்தான்.

"எட்டுக்கு அவருக்கு விருப்பமானதை எல்லோ படைக்கிறது, அத்தான்? நண்டு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டதை நீங்கள் கண்டனீங்களோ?"

"உதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஆரும் செய்யிறேல்லை."

"சரி, நண்டு வேண்டாம். ஒரு கிளாஸாவது வைப்பம்."

"என்ன கிளாஸ்?"

கேட்டாரே ஒரு கேள்வி! முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், நாக்கூசாமல் கேட்டார். அந்த மனிதர் வியாழக்கிழமை குடித்த கிளாஸை நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"கராஜில நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்ட கிளாஸ்" என்றேன்.

அவர் வினுஷாவைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைக்கு முன்னால என்ன கதை இது?"

பிள்ளைக்கு இருபத்தாறு வயது. "பெரியப்பா, ப்ளீஸ். போத்தலுக்கு லேபிள் டிசைன் பண்ணினதே நான்தான்" என்றாள் அவள், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அத்தானின் மகன் கீர்த்தனனுக்குச் சிட்னியில் பென்டில் ஹில்லில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். பெண்ணின் தகப்பன் குணநாயகம் எட்டுச் செலவுக்கென்றே விமானத்தில் வருகிறார். சுத்த சைவம். குடியின் மணமே ஆகாது. அத்தானோ சைவ சங்கம் ஒன்றின் உபதலைவர், அதைச் சொல்லித்தான் சம்பந்தமே பேசியது.

"கீர்த்தனன்ர சித்தப்பன் கராஜில கள்ளச் சாராயம் காய்ச்சினவன் எண்டு தெரிஞ்சா அவை என்ன நினைப்பினம்? எங்கட குடும்ப மரியாதை என்னாகிறது?" என்றார். "அந்த டிரம்மையும் வீட்டில வச்சிருக்காதை. நாளைக்கு அருந்தவனை அனுப்புறன். கொண்டு போய் ஊத்தட்டும். பொலிஸ் கிலீஸ் வந்தா நீதான் உள்ளுக்குப் போகோணும்."

பன்னிரண்டு வருடமாக வராத பொலிஸ், செத்த வீட்டுக்கு வரப்போகிறதாம். ஆனால் அப்போதும் மனதின் ஒரு மூலையில், சரி, மகனின் கலியாணம், தகப்பனுக்குப் பயம் இருக்கும்தானே என்று அவருக்காகவே நான் ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு இந்தப் பழக்கம் எங்கேயிருந்துதான் வருகிறதோ தெரியவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அருந்தவன் வான் வண்டியில் வந்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், அக்கா அக்கா என்று வளைய வருகிறவன். இவருக்கு உதவியாக நின்று வடிக்கிற வேலை எல்லாம் பழகியவன். "அக்கா, மகேந்திரராஜா அண்ணை சொன்னவர், டிரம்மை ஊத்தச் சொல்லி" என்று முணுமுணுத்துக்கொண்டு கராஜுக்குள் போனான். நானும் பின்னால் போனேன். சத்தம் அடங்கியிருந்தது. குழாயில் ஒரு குமிழியும் இல்லை. அதாவது புளித்து முடிந்துவிட்டது.

அருந்தவன் வானிலிருந்து நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கான்களை இறக்கினான். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பளிச்சென்று கழுவி, கிருமிநாசினி மணம் அடித்துக்கொண்டிருந்தது. கூடவே புது ரப்பர் குழாய் ஒன்று, பொலிதீன் பையோடு. அப்போதுதான் அவனுடைய சட்டைப்பையைக் கவனித்தேன். பேனாவைப் போல ஒரு ஹைட்ரோமீட்டர் தலை நீட்டிக்கொண்டிருந்தது. புளித்த தண்ணீரில் எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழல் அது.

"அருந்தவன்," என்றேன், "கழிவுத்தண்ணிக் காணுக்குள்ள ஊத்தப்போற சாமானுக்கு ஏன் கழுவின கான்?"

"இல்லை அக்கா… மணக்காமல்…"

"ஊத்தப்போற சாமானை ஏன் அளக்கோணும்?"

அவன் சட்டைப்பையைக் கையால் மூடினான். மூடினால் எனக்குத் தெரியாமல் போய்விடுமாம். சுவரோடு சாய்த்து வைத்திருந்த மரத் துடுப்பை எடுத்தேன். அடிக்கிற எண்ணம் எனக்கு இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. இருக்கிறது என்றே அவனுக்குப் பட்டிருக்க வேண்டும், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அண்ணைதான் சொன்னவர் அக்கா. வீணாக்காதை, உன்ர ஷெட்டில கொண்டு போய் வடி எண்டு. கீர்த்தனன்ர கலியாணத்துக்கு, ரிசப்ஷன் முடிய, எங்கட ஆக்களுக்கு மட்டும்… பாலா அண்ணையின்ர ஞாபகமா."

நான் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

அவருடைய படையலில் ஒரு கிளாஸ் வைத்தால் குடும்ப மரியாதை போய்விடும். அதே டிரம்மைக் களவாகக் கொண்டு போய் மகன் கலியாணத்தில் குடித்தால் அது ஞாபகம். நான் தோள் வலிக்க வலிக்கக் கிண்டிய களி. அவர் கடைசியாகச் சூடு பார்த்த களி. வீட்டில் மிச்சம் இருந்த மூன்று போத்தலையும் வியாழக்கிழமையே உறிஞ்சி முடித்தாகிவிட்டது. இனி அவருக்கென்று இந்த உலகத்தில் இருக்கிறது இந்த நீல டிரம் ஒன்றுதான். அதையும் பறித்துக்கொண்டு, அவருக்குப் பாயாசம் வைக்கப் போகிறார்களாம். அவருக்குப் பாயாசம் பிடிக்காது. பன்னிரண்டு வருடமாகத் தோளில் கை போட்டு நின்ற ஒருவனுக்காவது அது ஞாபகம் வந்ததா?

"அந்தக் கண்ணாடிக் குழலை இஞ்ச தா" என்றேன். தந்தான். "கானை ஏத்து." ஏற்றினான். "போய் அத்தானிட்டச் சொல்லு. விமலா தரமாட்டன் எண்டு சொன்னவ எண்டு. துடுப்போட நிண்டவ எண்டும் சொல்லு."

"அக்கா, கோவிக்காதேங்கோ. எனக்கும் பாலா அண்ணை எண்டா உயிர்."

"உயிரெண்டா நாளைக்கு எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லு பாப்பம்."

வானை ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் தபால் பெட்டியில் இடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு அத்தான் நான்கு முறை ஃபோன் எடுத்தார். நான் ஒன்றுக்கும் பதில் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நான் டிரம்மைத் திறந்தேன். வடிக்கிற வேலை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் செய்யமாட்டேன். புளித்தது போதும். சோளம் அடியில் இறங்கி, மேலே கலங்கலான மஞ்சள் தண்ணீர் நின்றது. புளிப்பும் பேக்கரிப் பாண் மணமும். இவருடைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மடித்து, அதால் தண்ணி வார்க்கிற யக் ஒன்று நிறைய வடிகட்டினேன். அழுதேனா என்றால், ஓம், அப்போதுதான் அழுதேன். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு அழக்கூட நேரம் தந்தார்களா இவர்கள்?

வினுஷா வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, ஆர் யூ ஷுவர்? பெரியப்பா விடமாட்டார்."

"அவரிட்ட நான் கேக்கேல்லை."

பின்னேரம் ஆறு மணிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். முன் அறையில் படம், விளக்கு, தலைவாழை இலை. அத்தான் சொல்லியிருந்த ஒன்பது கறியும் வந்திருந்தன. இலையில் ஒவ்வொன்றாக வைத்தோம். கத்தரிக்காய்க் கறி, பயற்றங்காய், வடை. இலையைப் பார்த்தபோது எனக்கு யாரோ முன்பின் தெரியாத மனிதனுக்குப் படைப்பதுபோல இருந்தது. கடைசியாக நான் குசினிக்குப் போய், இவருடைய கிளாஸில் யக்கிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்து இலையின் வலப்பக்கம் வைத்தேன்.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் குணநாயகம் நின்றார். மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, அதிகம் பேசாதவர். அவர் முன்னால் அத்தானால் என்னை என்ன செய்ய முடியும்?

"உது என்ன, மோரோ?" என்று குணநாயகம் மெல்லக் கேட்டார்.

"பானகம்" என்றார் அத்தான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தம்பிக்குப் பானகம் எண்டா உயிர்."

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருப்பேன். ஆனால் தேவாரம் தொடங்கிவிட்டது. முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படிச் சாத்தி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கொஞ்ச நேரமும் அத்தானால் சும்மா நிற்க முடியவில்லை. ஹோலின் நடுவில் நின்று, தம்பியைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லப்போவதாகச் சொன்னார்.

"என்ர தம்பி ஒரு பழக்கத்துக்கும் போகாதவன். வேலை, வீடு, கோயில். வெள்ளிக்கு வெள்ளி கேரம் டவுன்ஸ் கோயிலில நிப்பான். ஒரு துளி தொட்டறியாத பிள்ளை."

வெள்ளிக்கிழமை இவருக்கு இரவு ஷிஃப்ட். நான் சுற்றிப் பார்த்தேன். அருந்தவன் தன் சொக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமை கராஜில் நின்ற அத்தனை பேரும் நின்றார்கள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். ஓமோம், அருமையான மனிசன். ஒரு துளி தொட்டறியாதவர். என் கணவர் ஒரு தடவை செத்தது போதாதென்று என் கண் முன்னாலேயே இன்னொரு தடவை அவரை இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தோம். படைத்ததில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எல்லோருக்கும் கொடுப்பது முறை. அத்தானின் மனைவி இரஞ்சிதம் அக்கா வடையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு வந்தா. குணநாயகம் இலைக்கு முன்னால் குனிந்து படத்தைக் கும்பிட்டார். பிறகு கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தார்.

"தம்பிக்கு உயிர் எண்ட பானகம். நானும் ஒரு வாய் குடிக்கிறன். சம்பந்தி முறை" என்றார்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவருக்கு வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. குணநாயகம் குடியைக் கையாலும் தொடாதவர் என்று எனக்குச் சொன்னதே அத்தான்தான். அந்த மனிதரின் விரதத்தைச் சனிக்கிழமை எனக்குப் பெருமையாகச் சொன்னவர், தன் பொய் காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காக அது உடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அருந்தவனும் சும்மா நின்றான். எல்லோரும் நின்றார்கள். கிளாஸ் அவருடைய வாய்க்குக் கிட்டப் போய்விட்டது.

"அண்ணை, குடியாதேங்கோ" என்றேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அது பானகம் இல்லை. சோளத்தில புளிக்க வச்ச குடி. என்ர மனுசன் தன்ர கையால செய்தது, நான் கிண்டினது. அவர் குடிக்கிறவர், அண்ணை. சனிக்கிழமையில ரெண்டு கிளாஸ். இதைச் செய்யிறதெண்டா அவருக்கு அவ்வளவு சந்தோசம். இஞ்ச நிக்கிற ஆம்பிளையளில முக்கால்வாசிப் பேரும் அவரோட குடிச்சவைதான்."

"விமலா!" அத்தான் கத்தினார். பிறகு குரலை இறக்கி, சிரிக்க முயன்றுகொண்டு, "துக்கத்தில அவவுக்குத் தலை சரியில்லை. என்ன கதைக்கிறன் எண்டு தெரியாமல்…" என்றார்.

"எனக்குத் தலை நல்லாத்தான் இருக்கு!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவர் உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் அவரைத் திருத்த வரேல்லை. கிளாஸைத்தான் நீட்டினனீங்கள். இப்ப செத்தாப்பிறகு திருத்திறியளோ? நான் முப்பது வருசம் குடும்பம் நடத்தின மனுசனை இல்லாமல் செய்துபோட்டு, உங்கட கலியாணத்துக்குத் தோதா வேற ஒராளைச் செய்து அந்தப் படத்துக்குள்ள வைக்கிறியளோ? இஞ்ச வந்து சாப்பிடச் சொல்லி ஆரைக் கூப்பிட்டனீங்கள், அத்தான்? பாயாசம் குடிக்கிற பாலகிருஷ்ணனையோ? அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது!"

வினுஷா வந்து என் கையைப் பிடித்தாள். நிறுத்தச் சொல்லத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

குணநாயகம் கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எதற்கும் தயாராக இருந்தேன். அவர் அதை வீசியடித்திருந்தாலும், உடனே விமானத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தாலும் நான் ஒரு சொல் திரும்ப எடுத்திருக்க மாட்டேன். அவர் குனிந்தார். இலையின் வலப்பக்கத்தில், கிளாஸ் இருந்த ஈர வட்டம் இன்னும் காயாமல் இருந்தது. அதன் மேலேயே கவனமாக, ஒரு துளி சிந்தாமல் திரும்ப வைத்தார்.

"மன்னிக்கோணும், தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. "அவரின்ர சாமானில கை வச்சிட்டன்."

பிறகு அத்தானைத் திரும்பிப் பார்த்தார். "சம்பந்தி, நீங்கள் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்?"

அத்தான் நெற்றியைத் துடைத்தார். யாராவது எனக்காக வாய் திறப்பார்கள் என்று, அப்போதும், வெட்கமில்லாமல், அருந்தவனைப் பார்த்தேன். அவனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

எனக்கு அவர்கள் யாரோடும் இனிக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எல்லாரும் வெளியில நில்லுங்கோ" என்றேன். "அவர் இன்னும் குடிச்சு முடியேல்லை."

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கதவை நானே சாத்தினேன்.